சவரிமுத்துவின் பத்து ஏக்கரா

போன மாதம், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள் நாங்கள் சிலர் தருமபுரியில் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தோம். பெயருக்குத்தான் அது கூட்டம். உண்மையில் நடந்தது சாப்பாடும், யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்கிற பேச்சும்தான். எங்களுக்குப் பொன்னாடை போர்த்த வந்திருந்த இந்தக் காலத்து வி.ஏ.ஓ. பெண் ஒருத்தி, இலையில் சோறு இருக்கும்போதே இடது கையால் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னம்மா அவசரம்?" என்றேன்.

"காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று சார். பேஷன்ட்ட அட்மிட் பண்ணிட்டாங்க. இன்னிக்கே ஏத்திவிடணும்."

ரசம் வருவதற்குள் ஏற்றிவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "உங்க காலத்துல போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு குடும்பத்தோட வருமானத்த எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நேர்ல போய் விசாரிப்போம்மா. ரொம்பத் திறமையா விசாரிப்போம்," என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய நண்பருக்குக் கதை தெரியும். அவர் பாயசத்தைச் சட்டையில் சிந்திக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்துவிட்டு, பரீட்சை எழுதியவர்களை வி.ஏ.ஓ. ஆக்கிய எண்பதுகளில் வேலைக்கு வந்தவன் நான். பெயர் இன்னாசிமுத்து, ஊர் ராயக்கோட்டைப் பக்கம். பயிற்சியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், பட்டாவும், பயிர்க் கணக்கான அடங்கலும் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பெரும்பாலும் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பயிற்சி முடிந்ததும், இனி இந்த மாவட்டத்தில் எவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது. கடத்தூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கைக்கடிகாரமும் வாங்கினேன்.

அப்போது காப்பீட்டு அட்டை எதுவும் கிடையாது. காய்ச்சல் மாத்திரைக்கு யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன் மாதிரியான பெரிய வைத்தியத்தைக் காசில்லாமல் செய்துகொள்ள வேண்டுமானால், குடும்பத்தின் வருமானம் அரசாங்கம் சொன்ன வரம்புக்குள்தான் இருக்கிறது என்று தாசில்தார் சான்று தர வேண்டும். மனு தாசில்தாரிடம் போகும். அவர் ஒரு வரி எழுதி ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவார். அவர் இன்னொரு வரி எழுதி எனக்கு அனுப்புவார். நான் போய் விசாரித்து அறிக்கை எழுதினால் அது வந்த வழியே திரும்பிப் போகும். இத்தனை பேரில் வீட்டு வாசல்வரை போகிறவன் நான் ஒருவன்தான்.

எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சண்முகம் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் அவர் ஒரு காரியம் செய்வார். நாம் எழுதிக்கொண்டு போன அறிக்கையைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நம் முன்னாலேயே சத்தமாக வாசிப்பார். ஒரு கால்புள்ளியையும் விடமாட்டார். எந்த இடத்தில் நாம் அரைகுறையாக எழுதியிருக்கிறோமோ, சரியாக அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவார். வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான்: "கேட்டியா, பாத்தியா?" கேட்டேன் என்றால் தாள் நம் பக்கம் திரும்பி வரும். பார்த்தேன் என்றால் கையெழுத்துப் போடுவார்.

நான் முதன்முதலில் விசாரித்த மனு மொரப்பூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவருடையது. குடலிறக்க ஆபரேஷனுக்காக மனுப் போட்டிருந்தார். நான் வருகிற செய்தியைத் தலையாரி மூலம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன், அரசு ஊழியன் சொல்லாமல் கொள்ளாமல் போனால் மரியாதையா என்று. போனபோது அவர் கிழிந்த பனியனோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். தோப்பு வேறொருவருக்குப் போய்விட்டது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறிக்கையில் "பரம ஏழை" என்று எழுதினேன். அடுத்த வாரம் தாசில்தார் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அதே மனிதர் பட்டு வேட்டியில் அம்பாசிடரிலிருந்து இறங்கி, தாசில்தாருக்கே சந்தனம் கொடுத்திருக்கிறார்.

சண்முகம் சார் அந்த அறிக்கையை மறுபடி எடுத்து வாசித்துக் காட்டினார். "பரம" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆபீசர் வர்றான்னு சொல்லிட்டுப் போனா எவன்பா உண்மைய சொல்லுவான்? இனிமே யாருன்னு சொல்லாத. சாதாரண ஆளாட்டம் போ. மனுக்காரன விட்டுரு, அக்கம்பக்கத்த விசாரி. பேச்சோட பேச்சாக் கேளு. தானா வந்து கொட்டும்."

இதைக் கேட்டதும் எனக்குத் துப்பறியும் இலாகாவில் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்ததுதான் சவரிமுத்துவின் மனு. கடத்தூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு கிராமம், பெரும்பாலும் எங்களவர்களான கத்தோலிக்கர்கள், நடுவில் மாதா கோயில். அந்த ஊர் வி.ஏ.ஓ. மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால் கூடுதல் பொறுப்பாக எனக்கு வந்திருந்தது. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. ரகசிய விசாரணைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மனுவில் சவரிமுத்து, மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் கூலி என்றும், தன் மகள் லூர்துமேரிக்கு இருதய வால்வு சுருங்கி ஆபரேஷன் செய்யவேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். தருமபுரி டாக்டரின் சீட்டு இணைத்திருந்தது. ஆனால் பட்டாவைப் பார்த்தால், செத்துப்போன அவர் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஓகோ, இன்னொரு மாந்தோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று கணக்கு. சாதாரண ஆள் மாதிரி போகவேண்டும் என்பதால், இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, புதுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மீசை இருந்தது.

டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி, பேச்சோடு பேச்சாக, "இங்க சவரிமுத்துன்னு ஒருத்தர் இருக்காருங்களா? குடும்பம் எப்படி? வசதியா? ஒரு பொண்ணு இருக்குதாமே?" என்று கேட்டேன்.

டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெஞ்சைத் துண்டால் தட்டினார். சொல்லாமலேயே டீயில் பால் அதிகமாக ஊற்றினார்.

"உக்காருங்க. தம்பிக்கு எந்தப் பங்குங்க?" என்றார். எந்தக் கோயிலைச் சேர்ந்தவன் என்று எங்களவர்கள் கேட்கிற விதம் அது. சொன்னேன். "வேல?" கவர்மெண்டில் என்றேன். "அக்கா தங்கச்சிங்க?" ஒரு அக்கா, கட்டிக்கொடுத்தாயிற்று என்றேன். "அப்பாரு இருக்காருங்களா?" இருக்கிறார் என்றேன். விசாரிக்கப் போனவன் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு அவர் எழுந்து, கல்லாவைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, என்னைத் தானே கூட்டிக்கொண்டு கிளம்பினார். நடுவில் ஒரு சந்துக்குள் போய் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

சவரிமுத்துவின் பக்கத்து வீட்டில் பிலோமினா என்று ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும், ஊருக்கே அக்கா. நாற்காலி போட்டு, முறுக்கு வைத்து, என் எதிரில் நின்றுகொண்டே சொன்னார்.

"அவுங்களுக்கு என்னங்க கொறச்சலு? பத்து ஏக்கரா, ரெண்டு கெணறு. ஒரு கெணத்துல மோட்டாரு. அண்ணன் சும்மா ஒடம்பு வணங்கணும்னுதான் ஸ்டேசனுக்குப் போறாரு. பொண்ணு தங்கமுங்க. ரெண்டு கொடம் தண்ணி தூக்கிட்டு மூச்சு வாங்காம வரும்."

பத்து ஏக்கர். பட்டாவும் பக்கத்து வீடும் ஒரே எண்ணைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முறுக்கை இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, "கேட்டியா, பாத்தியா" வரும் என்பதால் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றேன். "பாக்காமயா?" என்று பிலோமினாவே கூட்டிக்கொண்டு போனார், நேராக இல்லை, கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு. ஓட்டு வீடு. வாசலில் இரண்டு கறவை மாடு. உள்ளே பித்தளை அண்டா நான்கு, புளி போட்டு விளக்கிப் பளபளவென்று. மாடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து கூட்ஸ் வண்டி வந்திருக்கிறதென்று மொரப்பூர் போயிருந்தார். அவர் மனைவி ஞானம்மா கதவோரம் நின்று, "ஏதோ இருக்குதுங்க, மாதா புண்ணியத்துல," என்று மட்டும் சொன்னார். மனுக்காரர் குடும்பம் மழுப்புகிறது, அக்கம்பக்கம் கொட்டுகிறது. சண்முகம் சார் சொன்னது எவ்வளவு சரி.

லூர்துமேரிதான் காபி கொண்டுவந்தாள். அடுப்படியிலிருந்து நான் இருந்த இடம் நாலு எட்டுத்தான். நடுவில் ஒரு தடவை நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து சற்று நேரம் அப்படியே இருந்தாள். என் பையில் இருந்த டாக்டர் சீட்டில் "நடந்தால் மூச்சுத் திணறல்" என்று எழுதியிருந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை. பெண் ரொம்பவும் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் வெட்கப்படுவதைப் பார்த்து நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன். யாரென்று சொல்லாமலேயே அரசு ஊழியனுக்கு இந்த ஊரில் இத்தனை மரியாதையா என்று வியந்துகொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். "மனுதாரர் குறித்து மாறுவேடமின்றி ரகசியமாக விசாரித்ததில், அன்னாருக்கு நிலம் பத்து ஏக்கர், கிணறு இரண்டு, கறவை மாடு இரண்டு, பித்தளை அண்டா நான்கு, வானொலிப் பெட்டி ஒன்று உள்ளன. மகள் நல்ல தேகநிலையில் காணப்படுகிறார். குடும்ப வருமானம் வரம்புக்கு மேற்பட்டதாகையால் சான்று வழங்கப் பரிந்துரை செய்வதற்கில்லை." சண்முகம் சார் முழுவதும் வாசித்தார். எங்கேயும் மூச்சு விடவில்லை.

"கேட்டியா, பாத்தியா?"

"கேட்டேன் சார், பாத்தேன் சார். பட்டாவும் ஒத்துப்போகுது."

"பரவால்லப்பா," என்று கையெழுத்துப் போட்டார். தாசில்தார் மனுவை நிராகரித்தார். அந்த வாரம் பூராவும் நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் என் அறைக்கு ஒருவர் வந்தார். தோளில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறியிருந்தது. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, நிராகரித்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சவரிமுத்து என்றார். நான் சிடுசிடுப்பான முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் சண்டை போடவில்லை.

"சார், எனக்குப் பத்து ஏக்கரா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களாம். எங்க இருக்குதுன்னு கொஞ்சம் காட்டுனீங்கன்னா போதுமுங்க. நாளைக்கே வித்து எம்பொண்ணுக்கு வைத்தியம் பாத்துக்கறேன். உங்களத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

கேலியாகச் சொல்லவில்லை அவர். நிஜமாகவே அப்படி ஒரு நிலம் எங்கோ தன் பெயரில் இருக்கிறதோ என்று பாதி நம்பி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். மெல்ல மெல்லக் கேட்டதில் விவரம் வந்தது. தாத்தாவின் நிலத்தைப் பங்காளிகள் எல்லோரும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டாயிற்று, பட்டா மட்டும் மாறவில்லை. இவர் பங்குக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, கொள்ளு விளைந்தால் உண்டு. கிணறு ஒன்று, அதில் தண்ணீர் இல்லை.

"மாடு ரெண்டு இருந்துதே," என்றேன்.

"எங்க வூட்ல கோழிகூட இல்லீங்களே," என்றார் அவர், குழம்பிப்போய்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை, பொண்ணு இருக்குதாமே, எந்தப் பங்குங்க. என்னை அந்த ஊர் மாப்பிள்ளை என்று நினைத்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வாசலில் கட்டியிருந்த மாடு பெரியப்பாவுடையது. அதைப் பிடித்துவந்து கட்டியதே நான்தான். பரீட்சை பாஸ் பண்ணியதும் அதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"மெட்ராஸ்ல அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. சர்டிபிகேட்டு இல்லாம போனா எடம் வேற ஆளுக்குப் போயிரும். இந்த மழைக்காலம் தாங்காதுன்னு டாக்டரு சொல்றாரு," என்றார் சவரிமுத்து. நான் உடனே வந்து எல்லோரிடமும் திரும்ப விசாரிக்கிறேன் என்றதும் அவர் பயந்துபோனார். "தெருவுல சொல்லிராதீங்க சார். பொண்ணுக்கு இப்படின்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு அவள ஒருத்தங்கிட்டக் குடுக்கணுமே."

அதாவது, சீக்கைச் சொல்லாமல் உண்மையை வாங்கவேண்டும். நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வயதில் வாக்குக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாளே போனேன். என் சைக்கிளைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை வந்தால் பாதி முடிந்த மாதிரி அல்லவா? பிலோமினா இந்தத் தடவை அதிரசமே வைத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவுங்க நெலம் உண்மையில எவ்வளவுங்க? சும்மா உள்ளத உள்ளபடி சொல்லுங்க," என்றேன்.

பிலோமினா சற்று யோசித்தார். "போன தடவ சொன்னதுல ரெண்டு ஏக்கரா விட்டுப்போச்சுங்க. பன்னெண்டு."

இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் கடத்தூரையே சவரிமுத்து பெயரில் எழுதிவிடுவார் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல், நான் வி.ஏ.ஓ. என்று சொன்னேன். அதிரசத் தட்டு அங்கேயே நின்றது.

"அப்ப நீங்க மாப்ள இல்லீங்களா?"

"இல்லீங்க."

"எம்மாட்ட அங்க கொண்டுபோய்க் கட்டி, அது அன்னிக்கிச் சாயங்காலம் ஒரு சொட்டுப் பால் குடுக்கல," என்றார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆபீசர் என்றால் வரியா, ஜப்தியா, பேங்கு லோனா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சவரிமுத்துவின் வருமானம் உனக்கு எதற்கு என்று டீக்கடைக்காரர் என் சட்டைக்கு மிக அருகில் வந்து கேட்டார். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே வியர்த்தேன்.

சத்தம் கேட்டு லூர்துமேரி வெளியே வந்தாள். ஞானம்மா பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பிலோமினா வீட்டுச் சுவரில் சாய்ந்து, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை நின்றாள்.

"அவரத் திட்டாதீங்க. எனக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு. மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணணும். ஏழைன்னு எழுதிக் குடுத்தாத்தான் காசில்லாம பண்ணுவாங்க. அதுக்குத்தான் வந்திருக்காரு."

"அடியே, எல்லார் முன்னாடியும்..." என்று ஞானம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம்மா. அதுக்கு மொதல்ல நான் இருக்கணுமில்ல?"

டீக்கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். எனக்கு அந்தத் தெருவில் நிற்கவே கூசியது. பத்தொன்பது வயதுப் பெண் தனக்கு வரப்போகிற வரன் எல்லாவற்றையும் நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டு, எனக்காகவும் பரிந்து பேசுகிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டேன். பிலோமினா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் போய்க் கட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க வந்து சொல்லணும் சார்?" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அந்தத் தெரு கடத்தூரில் வந்து இறங்கியது. சண்முகம் சாரின் அறையில் இடம் போதாமல் டீக்கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். சார் என் பழைய அறிக்கையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். நான் கும்பிடாத குறையாகப் பார்த்தும் பயனில்லை, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"கறவை மாடு இரண்டு."

"ஒண்ணு என்னுதுங்க," என்றார் பிலோமினா. "இன்னொண்ணு என்னுது," என்றது ஜன்னல்.

"பித்தளை அண்டா நான்கு."

"அது மாதா கோயிலு அண்டாங்க. திருநாளுக்குச் சோறாக்கறது. உபதேசியாருகிட்டச் சொல்லிட்டுத்தான் எடுத்தாந்தோம்."

"வானொலிப் பெட்டி ஒன்று."

"எங்க மச்சானுதுங்க. பேட்டரிகூட நாங்கதான் போட்டோம்," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"மகள் நல்ல தேகநிலையில்..." சார் அங்கே நிறுத்தினார். அவர் மூச்சு விட்டது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. நடந்து வர முடியாததால் லூர்துமேரி வந்திருக்கவில்லை. சவரிமுத்து மட்டும் மூலையில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கிப் பத்து ஏக்கர்னீங்க. இன்னிக்கி ஒன்றரைங்கறீங்க. எதும்மா பொய்?" என்று கேட்டார் சார்.

பிலோமினாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பொய் எங்கீங்க சொன்னோம்? அன்னிக்கிப் பொண்ணு பாக்க வந்தவருக்குச் சொன்னோம், இன்னிக்கி ஆபீசருக்குச் சொல்றோம். மாப்ள வூட்டுக்காரங்க யாரா இருந்தாலும் சொன்னதுல முக்காவாசியக் கழிச்சுட்டுத்தான எடுத்துக்குவாங்க? இந்தத் தம்பிக்குக் கழிக்கத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சண்முகம் சார் சிரிக்கவில்லை. அறிக்கையின் அடியில் விரலை வைத்து, "இது யாருப்பா கையெழுத்து?" என்றார்.

"உங்களுது சார்."

"நான் பாத்தேனா?"

"நான் சொன்னதக் கேட்டீங்க சார்."

"ம்," என்றார். வாக்குமூலங்களை அவரே எழுதினார், ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினார், கைநாட்டு வாங்கினார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குத் தானே பஸ் ஏறினார். தாசில்தார் ஜீப்பில் ஏறப்போகிற நேரத்தில் வழிமறித்துக் கையெழுத்து வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சவரிமுத்து சான்றை வாங்கி மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். என்னிடம் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. லூர்துமேரி திரும்பி வந்தாள். அதற்குள் மஞ்சள் காமாலைக்காரர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டதால் அந்தக் கிராமம் எனக்கே நிரந்தரமாகிவிட்டது. ஒரு நாள் அடங்கலோடு வயல் பார்க்கப் போனபோது, கைப்பம்பிலிருந்து இடுப்பில் குடத்தோடு எதிரே வந்தாள். சின்னக் குடம்தான், ஆனால் எங்கேயும் நிற்காமல் வந்தாள்.

"பாத்துக்கோங்க சார். எழுதணும்னா எழுதிக்கலாம்," என்றாள்.

"ரெண்டு கொடம்னாங்களே," என்றேன்.

"இன்னொண்ணு பிலோமினா அக்கா கணக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு எத்தனையோ வருமானச் சான்றுகளுக்கு அறிக்கை எழுதினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனதில்லை. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக, "நான் வி.ஏ.ஓ., பொண்ணு பாக்க வரல," என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். கல்யாணம் ஆன பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததில் என் மனைவிக்கு வருத்தம்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அடங்கல் எழுதவென்று நான் திறந்து வைத்திருந்த ஆபீசைத் தேடி வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். தான் ஏலகிரிப் பக்கம் என்றும், அண்ணன் மகனுக்குச் சவரிமுத்து மகளைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆபரேசன் சமாச்சாரம் தெரியுமுங்க. நாங்க ஒக்காரக்கூட இல்ல, அந்தப் பொண்ணே சொல்லிருச்சு. மெட்ராஸ் சீட்டெல்லாம் காட்டுச்சு. பையன் சரின்னுட்டான். அதுல ஒண்ணுமில்ல," என்றார். "குடும்பம் எப்படின்னுதான் கேக்க வந்தேன். நீங்க கவர்மெண்டு ஆளு, உள்ளத உள்ளபடி சொல்லுவீங்க. நெலம் நீச்சு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மேசைமேல் அந்த ஊர் அடங்கல் விரிந்து கிடந்தது. ஒன்றரை ஏக்கர், மானாவாரி, கொள்ளு. என் கையெழுத்தேதான். அதை மூடி, மேலே ஒரு ஃபைலை எடுத்து வைத்தேன்.

"அவுங்களுக்கு என்னங்க கொறச்சலு? பத்து ஏக்கரா, ரெண்டு கெணறு," என்றேன்.

பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"தெருவுல பன்னெண்டுன்னாங்களே?"

"ஆமாங்க," என்றேன். "ரெண்டு ஏக்கரா விட்டுப்போச்சு."